ஒரு ஆளுக்கு ஒரு துண்டு

ஜனவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சில்லறை எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் உங்கள் பேத்தி அரை டிக்கெட்டும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் வாங்கிவிடுங்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

போனில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நாற்பது வருஷம் பஸ் கண்டக்டராக என்ஜின் சத்தத்திலேயே நின்று உங்கள் காது போய்விட்டது. நான் பேசுவது உங்களைத் தவிர இந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் கேட்கிறது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து வீட்டில் என்ன சண்டை என்று விசாரிக்கிறார். அதனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

வீடு மாறிவிட்டோம் அப்பா. பழையது ஒரே அறை என்று உங்களுக்குத் தெரியும். இது இரண்டரை அறை. அந்த அரை அறை உங்களுடையது. கட்டிலைப் போட்டால் கதவு முக்கால்வாசிதான் திறக்கிறது. ஜன்னல் பக்கம் கொஞ்சம் குளிர் அடிக்கும். ஆனால் கட்டிலில் சாய்ந்தபடியே தெருமுனை பஸ் ஸ்டாப்பைப் பார்க்கலாம். பதினாலாம் நம்பர் பஸ் வந்து நிற்கிறது. அதற்காகவே இந்த வீட்டைப் பிடித்தேன் என்று மாப்பிள்ளை கேலி செய்கிறார். உங்களை இங்கே அழைக்க வேண்டுமென்றால் உங்களுக்கென்று தனி அறை இருப்பதாக விசா ஆபீசில் காட்ட வேண்டும். இப்போது தைரியமாகக் காட்டலாம். ஜூனில் வந்துவிடுங்கள்.

நான் வேலை செய்யும் மளிகைக் கடையில் என்னை விலைச்சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய கடை, சுவரிலிருந்து சுவர் வரை அலமாரி. போன வாரம் நானே ஒட்டிய விலையை இந்த வாரம் நானே உரித்துவிட்டுப் புது விலை ஒட்டுகிறேன். எண்ணெய்க்கு இந்த மாதத்தில் இது இரண்டாவது சீட்டு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடத்தில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்ப நாலாகிவிடும். மாப்பிள்ளை பார்சல் வேனில் போனால் வர இருட்டிவிடும். பகலில் வீட்டில் ஈ காக்கா இருக்காது.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டது போதும் அப்பா. கிளம்பி வாருங்கள்.

அன்பு மகள்,
சில்லறை

*

பிப்ரவரி 4

என் சில்லறைக்கு அப்பாவின் ஆசிகள். மாப்பிள்ளைக்கு அன்பு. அரை டிக்கெட்டுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. மற்ற நேரத்தில் நல்ல பிள்ளை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. படத்தில் பிக்பாக்கெட் அடித்துப் பிடிபட்டவன் மாதிரி இருக்கிறேன். நகல் எடுக்க நம் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, வெளிநாடு போறவர் மாதிரி தெரியலையே, நாடு கடத்தப்பட்டவர் மாதிரி இருக்கீங்களே" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இத்துடன் ஒரு சின்னப் பார்சல் வரும். பச்சைக் கரை போட்ட என் துண்டு. வேலையில் கடைசி நாள் வரைக்கும் என் கழுத்தில் கிடந்தது. அதை அந்தக் கட்டிலில் விரித்துப் போட்டுவை. இடம் பிடித்தாயிற்று! என் வண்டியில் சட்டம் என்னவென்று உனக்குத் தெரியும். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டவருக்கு அந்த இடம். எவ்வளவு பெரிய மனிதர் ஏறினாலும் துண்டை நகர்த்திவிட்டு உட்கார விடமாட்டேன். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு துண்டுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று போட்டுவிட்டு எது வசதி என்று ஆற அமர யோசிக்கிறவனை வண்டியை விட்டே இறக்கியிருக்கிறேன். உன் பெரிய மாமாவையே அப்படி இறக்கினேன். உன் அம்மா மூன்று நாள் எனக்குச் சோறு போட்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாலாம் நம்பரில் கண்டக்டர் எப்படிப்பட்டவர்? கடுகடு ஆசாமியா? விசாரித்து எழுது.

ஜூனை எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா

*

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

மூவரும் சுகம். துண்டு வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் உங்கள் வாசனை வீடெல்லாம் வந்துவிட்டது. கட்டிலில் விரித்துப் போட்டாயிற்று. அரை டிக்கெட்தான் இப்போது அந்த அறைக்குக் காவல். நேற்று மாப்பிள்ளை காலுறை மாட்ட அதன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது தாத்தா சீட்டு. எந்திரிங்கப்பா, எந்திரிங்க" என்று விரட்டிவிட்டாள். ஆறு வயசில் உங்கள் அதிகாரம் அப்படியே வந்திருக்கிறது.

நீங்கள் கேட்டதை விசாரித்தேன். வருத்தப்படாதீர்கள். இங்கே பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. ஏறும்போது ஒரு அட்டையைப் பெட்டியில் காட்டினால் கீக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் கடிதம் போட்டிருக்கிறார். ஏப்ரலிலிருந்து வாடகை கூடுகிறதாம். எவ்வளவு என்று எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கமாட்டேன். மாப்பிள்ளை அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டுக்கு மட்டுமா, இல்ல தெருவுக்கே சேர்த்தா?" என்றார். சிரித்தோம். அப்புறம் இரண்டு பேரும் கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஜூன் வேண்டாம் அப்பா, செப்டம்பர் வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று மாதத்தில் சமாளித்துவிடுவோம். அறை எங்கே போகப்போகிறது?

சில்லறை

*

மார்ச் 30

என் சில்லறைக்கு ஆசிகள். எல்லாரும் நலம்தானே? நான் நலம்.

செப்டம்பர் நல்ல மாதம்தான். வெயிலும் இருக்காது, நெரிசலும் இருக்காது. வாடகையை நினைத்து மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வீட்டுக்காரர்கள் எந்த நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

இனிமேல் கடிதத்தை ஜெராக்ஸ் கடை முகவரிக்குப் போடு. இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். தபால்காரரும் புதுசு. கதவு பூட்டியிருந்தால் திருப்பிவிடுகிறார். கடையில் நான் எப்படியும் நாள் முழுக்க இருக்கிறேன், கடைக்காரருக்குப் பேச்சுத்துணை. கட்டில், பீரோ, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் கைமாற்றிவிட்டேன். பயணம் போகப்போகிறவனுக்கு எதற்கு அந்த மூட்டை முடிச்சு? அம்மாவின் கத்தரிக்கோலை மட்டும் உனக்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.

கண்டக்டர் இல்லாத பஸ்ஸா! படித்ததும் பகீரென்றது. தூங்கிப்போனவரை யார் எழுப்பி இறக்கிவிடுவார்கள்? உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நாள் என் ஜன்னலில் உட்கார்ந்து, பதினாலாம் நம்பர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று டிரிப் ஷீட் மாதிரி குறித்து அனுப்பு. புது ரூட்டில் ஏறுவதற்கு முன்னால் நான் எப்போதும் நேரத்தை மனப்பாடம் செய்துவிடுவேன். வந்து இறங்கும்போது அந்த வண்டி எனக்குப் பழகிய வண்டியாக இருக்க வேண்டும்.

அப்பா

*

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுத உட்காருவேன், ஏதாவது ஒரு வேலை வந்து எழுப்பிவிடும். மாப்பிள்ளை இப்போது ஞாயிறும் வேனுக்குப் போகிறார். டீசல் விலை ஏறியதிலிருந்து ஓட்டுகிற தூரம் கூடுகிறது, கைக்கு வருவது கூடவில்லை.

போன வாரம் அரை டிக்கெட்டைக் கடைக்குக் கூட்டிப்போனேன். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்து, கீழே இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நீ ஒட்டினதா?" என்றாள். ஆமாம் என்றேன். "கொஞ்சம் கம்மியா ஒட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவளே திரும்ப வைத்துவிட்டாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

அறை நன்றாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவைத்தேன். துண்டு பத்திரமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட டிரிப் ஷீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னலில் உட்கார்ந்து ஒரு வண்டி விடாமல் குறித்தது. செப்டம்பர் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

சில்லறை

*

ஜூலை 2

என் சில்லறைக்கு ஆசிகள். மாப்பிள்ளையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். அரை டிக்கெட்டுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் என் பெயரில் வாங்கிக் கொடு. விலையைப் பார்க்காதே.

ஷீட் கிடைத்தது. செக்கர் கண்ணால் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. திங்கட்கிழமை என்று போட்டிருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து மத்தியானம் மூன்று வரைக்கும். நீ ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விடுவாய், பகலில் வீட்டில் ஈ காக்கா இருக்காது என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். எனக்காக லீவு போட்டாய் போலிருக்கிறது.

உனக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எத்தனை தடவை எழுதியிருப்பாய்! நீ எழுதும் ஏழு என்ற எண்ணை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். மாப்பிள்ளை எழுதும் ஏழையும் கல்யாணப் பத்திரிகை முகவரிகளில் பார்த்திருக்கிறேன். இந்த ஷீட்டில் இருக்கிற ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது. அழகான கை. பொறுமையான ஆளாக இருக்க வேண்டும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் பதில் எழுத வேண்டாம். ஜன்னல் பக்கம் குளிர் அடிக்கும் என்று எழுதியிருந்தாயே, கூடுதலாக ஒரு போர்வை போட்டுவை. அங்கே படுக்கிறவருக்குக் குளிரக் கூடாது.

செப்டம்பருக்கு ஒன்றும் அவசரமில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருக்கிறது, முழங்காலுக்கு இதம்.

அப்பா

*

செப்டம்பர் 19

அப்பா,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு முகமில்லை. உங்கள் கடிதத்தை இரண்டு மாதமாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டு ஒட்டும்போது, நான் எழுதுகிற ஏழு என்ற எண்ணையே என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் அறையை ஏப்ரல் நடுவிலேயே வாடகைக்கு விட்டுவிட்டோம். விடாவிட்டால் வீடே நம் கையில் இருந்திருக்காது. ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயசு சின்னவள், வேறு பாஷைக்காரி. முதியோர் இல்லத்தில் வேலை. மத்தியானம் மூன்றரைக்குக் கிளம்பிப் போய், அங்கே இருக்கிற பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கவைத்துவிட்டு வருகிறாள். உங்கள் வயசுக்காரர்களைப் படுக்கவைத்துவிட்டு வந்து உங்கள் கட்டிலில் படுக்கிறாள், அப்பா. வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அவள் கொடுப்பது. தன் அம்மாவுக்கும் மாதாமாதம் அனுப்புகிறாள். சத்தம் போட்டு நடக்கக்கூடமாட்டாள். கெட்டவளாக இருந்தாலாவது எனக்கு மனசு கொஞ்சம் ஆறும்.

அவள் வந்த அன்று அரை டிக்கெட் நான் எடுத்துவைத்த துண்டை மறுபடியும் கட்டிலில் போட்டுவைத்திருந்தாள். அந்தப் பெண் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து, யாருடையது என்று கேட்டாள். அப்பாவுடையது என்றேன். பிறகு பஸ் நேரம் குறித்துத் தர முடியுமா, அப்பாவுக்கு வேண்டும் என்று நான் கேட்டபோது, ஒரு திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும் வரைக்கும் ஜன்னலை விட்டு நகராமல் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அதை நான் எழுதியதாக உங்களை நம்பவைக்கப் பார்த்தேன். நாற்பது வருஷம் ஷீட் பார்த்தவரை!

வெட்கமாக இருக்கிறது. உங்களை வரச்சொல்ல இப்போது அறை இல்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

சில்லறை

*

அக்டோபர் 21

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

வணக்கம். தங்கள் தந்தையார் குடியிருந்த தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் எழுதுவது. ஊராருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவன், சொந்தமாகக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பொருள்: ஐயாவின் உடல்நிலை.

ஐயா நலமாக இருக்கிறார் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மற்றதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மார்ச் மாதம் அவருடைய வீட்டுக்காரர் வாடகையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார். அதைக் கொடுத்தால் பென்ஷனில் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. ஐயா மறு பேச்சுப் பேசாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு என் கடைக்கு வந்தார். "தம்பி, ஒரு ஓரமா படுத்துக்கிறேன். அங்க பொண்ணு வீட்டுல எனக்கு இடம் போட்டாச்சு. வண்டி வர்ற வரைக்கும்தான்" என்றார். மெஷினுக்குப் பின்னால் பேப்பர் கட்டுகளை நகர்த்திப் பாய் விரித்துக் கொடுத்தேன். ஏழு மாதமாக அங்கேதான் இருந்தார். நான் வாடகை வாங்க மறுத்ததால் கடையைப் பெருக்குவார். கூட்டம் சேர்ந்தால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, "உள்ள வாங்க, உள்ள வாங்க, சில்லறையக் கையில வெச்சுக்குங்க" என்பார். அவர் இல்லாமல் இப்போது கடை வெறிச்சென்று இருக்கிறது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி கடைப் படியில் தவறி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பில் விரிசல். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இனிமேல் தரையில் படுத்து எழுந்திருக்க முடியாது, கட்டில் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் கடையில் கட்டில் போட இடமில்லை, சகோதரி. இருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டேன்.

தங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார். "என் பொண்ணு சரியாத்தான் டிக்கெட் கொடுத்திருக்கா" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கள் போன் நம்பரைக் கேட்டேன், தர மறுத்துவிட்டார். என் நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரர்

*

நவம்பர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வலி எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகத் தருகிறார்களா? போன் செய்தேன். கடைக்காரர் உங்கள் காதில் வைத்தார். "கேக்கல, கேக்கல, லெட்டர் போடு" என்று சொல்லிவிட்டு வைக்கச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் குரலையாவது கேட்டேன். நான் வேலை செய்யும் கடையின் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. வெள்ளையடிக்கிறார்களாம், தபால்காரர் புதுசாம்! நானும் பேசாமல் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷினுக்குப் பின்னால் என் அப்பா பாயில் படுத்திருக்கும்போது, ஜன்னல் கண்ணாடி துடைத்துவைத்திருக்கிறேன் என்று எழுதிய கை இது.

அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். சரி என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தெருத் தெருவாக இடம் தேடுகிறாள், எங்கேயும் கிடைக்கவில்லை. அதை நான் பார்க்கக் கூடாது அப்பா, பார்த்தால் மனசு மாறிவிடும். வாடகை ஜனவரியில் இன்னொரு தடவை ஏறுகிறது. மாப்பிள்ளை இன்னொரு வேலையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்கிறார். விமானச் சீட்டு எங்கள் இரண்டு மாத வாடகை. கடன் வாங்கியாவது வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

துண்டைத் திரும்பவும் கட்டிலில் போடப்போகிறேன். எழுந்து நடக்கப் பழகிக்கொள்ளுங்கள். வந்துவிடுங்கள் அப்பா.

சில்லறை

*

டிசம்பர் 8

என் சில்லறைக்கு ஆசிகள். மாப்பிள்ளைக்கும் அரை டிக்கெட்டுக்கும் அன்பு. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் படுத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. வலி பரவாயில்லை. ஜெராக்ஸ்காரரை நல்ல மனிதர் என்று நினைத்திருந்தேன், கோள்மூட்டி என்று இப்போதுதான் தெரிந்தது. தினமும் வந்து பார்க்கிறார், அதனால் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணை எழுப்பாதே.

துண்டு போட்டவருக்கு இடம் என்பது என் சட்டம்தான். ஆனால் ஆள் வராமல் துண்டு மட்டும் பயணம் பண்ண முடியாது. காசு கொடுத்து, டிக்கெட் வாங்கி ஒருவர் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் துண்டுக்காரரே ஏறி வந்தாலும் எழுப்பக் கூடாது. நாற்பது வருஷத்தில் ஒருவரைக்கூட நான் அப்படி எழுப்பியதில்லை. நீ அவளுக்குக் கொடுத்தது சரியான டிக்கெட். பாதி வழியில் இறக்கிவிட்டு அந்த இடத்தில் என்னை உட்காரவைத்தால் எனக்கு முதுகு சாயாது. நீ கடன் வாங்கி வரவும் வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டேன். பென்ஷனுக்குள் அடங்குகிறது. ஒரு கூடத்தில் எட்டுக் கட்டில். என்னைக் குளிப்பாட்டிவிடுகிற பெண் நல்லவள், சோப்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறாள். அவள் எங்கே, யார் வீட்டு அறையில் குடியிருக்கிறாளோ, எவ்வளவு கொடுக்கிறாளோ என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குக் கிடைத்தது கதவோரக் கட்டில். ஜன்னலோரம் இருப்பவரை ஜனவரி கடைசியில் அவர் மகன் வந்து கூட்டிப்போகிறாராம். தினம் பத்துத் தடவை சொல்கிறார். அந்த ஜன்னலில் மெயின் ரோடு தெரிகிறது, நம் வண்டிகள் போகின்றன. அந்தக் கட்டில்மேல் இங்கே மூன்று பேருக்குக் கண். நான் முந்திக்கொண்டு துண்டு போட வேண்டும். என்னிடம் வேறு இரண்டு துண்டு இருக்கிறது. ஆனால் அங்கே ஒன்று கிடக்கும்போது இங்கே இன்னொன்றை எப்படிப் போடுவேன்? ஒரு ஆளுக்கு ஒரு துண்டுதான். உன் பெரிய மாமாவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

அதனால் என் துண்டைத் திருப்பி அனுப்பிவிடு. சீக்கிரம் அனுப்பு.

உன் வீட்டில் வந்து இருக்க எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீ அனுப்பிய ஷீட் மனப்பாடம். பத்து ஏழுக்கு ஒன்று, பத்து இருபத்தேழுக்கு ஒன்று. மத்தியானம் கண்ணை மூடினால் அந்த ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுப்பிவைக்கிறேன். நீ அழாதே. நான் அழுதுவிட்டேன், அதுவே இரண்டு பேருக்கும் போதும்.

அப்பா

*

ஜனவரி 7

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும், இல்லை, நால்வரும் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

துண்டை அனுப்பிவிட்டேன். துவைக்கவில்லை. அரை டிக்கெட்தான் மடித்தாள். அனுப்பக் கூடாது என்று முதலில் ஒரே ஆர்ப்பாட்டம். தாத்தாவுக்கு அங்கே ஜன்னலோரம் கிடைக்க வேண்டும் என்று சொன்ன பிறகு, கரை வெளியே தெரிகிற மாதிரி மடித்துக் கொடுத்தாள். "தூரத்துல இருந்தே தெரியணும், யாரும் உக்காரக் கூடாது" என்றாள்.

அந்தப் பெண்ணிடம் போக வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அப்பா சொல்லிவிட்டார் என்றேன். கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஜன்னலை விட்டு அவள் நகரவில்லை. ஞாயிறு வண்டிகளின் நேரம் வேறாம், உங்களிடம் இருப்பது திங்கட்கிழமை ஷீட் மட்டும்தானாம். அவள் எழுதிக் கொடுத்ததைத் துண்டுக்குள் வைத்திருக்கிறேன். ஏழுக்கெல்லாம் கோடு இருக்கிறது.

தபால் ஆபீசில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்ன என்ற கட்டத்தில் பழைய துண்டு ஒன்று என்று எழுதினேன். அடுத்த கட்டம் விலை. நாள் முழுக்க விலை ஒட்டுகிறவள் நான். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கவுண்டரில் இருந்தவர், ஏதாவது ஒரு தொகை போடுங்கள், சைபர் மட்டும் போடக் கூடாது என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் பதினாலாம் நம்பரில் ஒரு ஆள் ஒரு தடவை போக எவ்வளவு ஆகுமோ அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததா என்று உடனே எழுதுங்கள்.

உங்கள்,
சில்லறை